மாரண்டஹள்ளி ஏரியில் பாசி எடுக்கப் போனேன்

பாசி எடுப்பதற்காக விமானம் ஏறிய ஆள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். என் மாமாக்கள் இரண்டு பேர் காசிக்கு வந்திருக்கிறார்கள். அத்தை ஒருத்தி பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்திருக்கிறாள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து தருமபுரி மாவட்டத்துக்கு, அதுவும் ஏரிக்கரையில் வழுக்குகிற பச்சை நூலை அள்ளுவதற்கு, யாரும் வந்ததில்லை. புறப்படும்போது என் கணவர், "நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டியில இல்லாத பாசியா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அப்போது பதில் சொல்ல நேரமில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். பாசிக்கும் கஷ்டகாலம் உண்டு. வெயில் ஏறித் தண்ணீர் சுண்டும்போது நாமென்றால் நிழலுக்கு ஓடுவோம், அது எங்கே ஓடும்? இருந்த இடத்திலேயே இருந்து சமாளித்தாக வேண்டும். அந்தச் சூட்டில் அதன் உடம்புக்குள் பெராக்சைடு என்கிற நஞ்சு ஊறுகிறது. அதை உடைத்துத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிட ஒரு நொதியைக் கைவசம் வைத்திருக்கிறது. அதன் பெயர் கேட்டலேஸ். கஷ்டம் கூடினால் இந்த நொதியின் வேலையும் கூடும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் ஈப்போவில் ஈயம் தோண்டிவிட்டு விட்டுப்போன குட்டைகளில் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், பிற்பகலானால் மழை கொட்டும். அங்கே வளரும் பாசி சுகவாசி. கோடையில் சுண்டி மழையில் நிறைகிற ஏரியின் பாசி எப்படிப்பட்டது என்று, பக்கத்துக் கிணற்று நிழலில் வளரும் பாசியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் பல வருட ஆசை.

இந்தியாவிலிருந்து அனுமதி வந்த நேரம் பார்த்து அவர் கணுக்காலை உடைத்துக்கொண்டார். பாசியை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது, அங்கேயே சோதித்து எண்களை மட்டும் எடுத்துப் போகலாம் என்பது நிபந்தனை. அனுமதியோ இந்த ஒரு கோடைக்கு மட்டும். கோடைமழை ஒன்று பெய்துவிட்டால் ஏரி குளிர்ந்துவிடும், வந்த காரியம் போச்சு. ஆகவே என்னை அனுப்பினார். நான் விஞ்ஞானி இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். போத்தல் கழுவியிருக்கிறேன், எடை போட்டிருக்கிறேன், எத்தனையோ பேர் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன் அவர் சொன்னார்: "ஏரிக்கும் கிணற்றுக்கும் வித்தியாசம் தெளிவாக வந்தால் கட்டுரையில் உங்கள் பெயரையும் போடுகிறேன்." இதை அவர் வாயால் கேட்க இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் நாள். தருமபுரியில் ஒரு கல்லூரி ஆசிரியர் பெராக்சைடு, சோதனைக் குழாய்கள், ஐஸ் பெட்டி எல்லாம் கொடுத்து, மாரண்டஹள்ளிக்கு அப்பால் ஏரியை ஒட்டி நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் தங்க ஏற்பாடும் செய்து பஸ் ஏற்றிவிட்டார். பஸ்ஸில் ஆட்கள் பாதி, தக்காளிப் பெட்டிகள் பாதி. கண்டக்டர் என் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"மேடம், உள்ள என்னாங்க, மீனா?"

"ஐஸ்."

"ஐஸ் மட்டுமா? சும்மா ஐஸா?"

"சும்மா ஐஸ்தான்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துப்போய், வெயில் படாமல் தன் சீட்டுக்கடியில் வைத்தார். பாலக்கோடு தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். ஐஸ் உருகினால் நாளைக்குப் பாசியை எதில் வைப்பேன்? கண்டக்டருக்கு நான் சொல்லாமலே அது புரிந்திருக்கிறது. மாற்று டயர் மாட்டி முடிப்பதற்குள், அந்தப் பக்கம் பைக்கில் போன ஒருவரை நிறுத்தி, எங்கேயோ ஒரு ஜூஸ் கடையிலிருந்து சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியை வரவழைத்துவிட்டார். காசு கொடுக்கப் போனேன். "சும்மா ஐஸுக்கு எதுக்குங்க காசு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். எங்கள் ஊர் பஸ்ஸில் குளிர்சாதனம் உண்டு, இப்படி ஒரு கண்டக்டர் கிடையாது.

லட்சுமம்மா பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து நாற்பத்தாறு. மஞ்சள் முகம், வேகமான நடை. என் பெட்டியைக் கேட்காமலே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "பாசி எடுக்கவா மேடம் அவ்ளோ தூரத்துலருந்து வந்தீங்க? எங்கள கேட்டிருந்தா மூட்டையில கட்டி அனுப்பியிருப்பமே" என்றார். வீட்டுக்காரர் நாராயணப்பா அதிகம் பேசாதவர். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இப்போது வீட்டில் இவர்கள் இருவரும், வீட்டுக்குப் பின்னால் நீளக் கொட்டகையில் ஆயிரமாயிரம் பட்டுப்புழுக்களும்.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. உள்ளே போகும் வாசலில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து தூவியிருக்கும். அதை மிதித்து, ஒரு தட்டில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, கை கழுவித்தான் உள்ளே போக முடியும். நான் வாசலில் எட்டிப் பார்த்ததற்கே நாராயணப்பா கையைக் காட்டி மூன்றடி பின்னால் நிற்கவைத்தார். உள்ளே புழுக்கள் மல்பெரி இலையைத் தின்னும் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் தூறல் விழுவது போல இருந்தது. போன தடவை பால் நோய் வந்து மொத்தப் புழுவும் வீங்கி, வெடித்து, வெள்ளையாக வழிந்து செத்துப்போயிற்றாம். அள்ளிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்களாம். அதைச் சொல்லும்போது லட்சுமம்மாவின் கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவைப் புழு கூடு கட்ட இன்னும் நான்கைந்து நாள்தான் இருந்தது.

வீடு முழுக்க பிளீச்சிங் வாசனை. முதல் ஒரு மணி நேரம் மூக்கை அரித்தது, அப்புறம் பழகிவிட்டது.

அன்று மாலை ஏரியைப் பார்க்கப் போனேன். தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடந்தது. ஓரத்தில் கணுக்கால் ஆழம், அதில் நூல்நூலாகப் பாசி. கையை வைத்தேன், வெந்நீர். நாராயணப்பாவின் நிலத்தில் ஒரு பழைய கிணறு, படியிறங்கிப் போனால் நிழல், குளிர்ந்த தண்ணீர், அங்கேயும் அதே நூல்பாசி. இதைவிட நல்ல ஜோடி எங்கே கிடைக்கும்? ஏரிக்குச் சிவப்பு மூடிப் போத்தல், கிணற்றுக்கு நீல மூடிப் போத்தல் என்று கொண்டுவந்திருந்தேன். சிவப்பு மூடிப் போத்தல்களைப் பிரித்து ஏரியில் சும்மா முக்கிப் பழகிப் பார்த்தேன். சேறும் சகதியுமாகக் கொண்டுவந்து, காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று கொட்டகை வாசல் பக்கம் இருந்த குழாயடியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள். எழுந்து பார்த்தால் சிவப்பு மூடிப் போத்தல்கள் எல்லாம் பளபளவென்று பலகையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் எனக்காக ஒருவர் போத்தல் கழுவியது இதுதான் முதல் தடவை. உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றேன். "கெடக்குதுங்க, இதெல்லாம் ஒரு வேலையா" என்று சொல்லிவிட்டு லட்சுமம்மா மல்பெரித் தழை அறுக்கப் போய்விட்டார்.

எங்கள் நாட்டில் காலையில் பார்க்கிறவர்களை "பசியாறியாச்சா?" என்று கேட்போம். இங்கே யாரும் கேட்பதில்லை, தட்டை வைத்துவிடுகிறார்கள். தட்டில் ராகிக் களி உருண்டை, நடுவில் குழி, குழியில் கீரைக் குழம்பு. நான் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தேன். மென்றேன், மென்றேன், பல்லில் ஒட்டியது, மேலண்ணத்தில் ஒட்டியது. நாராயணப்பா முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்: "மெல்லக்கூடாதுங்க. முழுங்கணும்." முழுங்கினேன். அதற்குப் பிறகு மூன்று வேளையும் களியே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

உச்சி வெயிலில் ஏரிக்குப் போனேன். போத்தலை எடுத்ததும் அந்த இடத்துத் தண்ணீரிலேயே மூன்று தடவை அலசிக் கொட்டிவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். இதை நானே எத்தனை மாணவர்களுக்குக் கத்திச் சொல்லியிருக்கிறேன்! அன்று சேறு காலைச் சுட்டது, போத்தல் சுத்தமாக இருந்தது, அப்படியே முக்கி எடுத்தேன். பிறகு கிணற்றுக்குப் போய், புதுப் பொட்டலத்தைப் பிரித்து நீல மூடிப் போத்தல்களை நிரப்பினேன்.

சோதனை எளிதானது. பாசியை அதன் தண்ணீரோடேயே கல்வத்தில் அரைக்க வேண்டும். அரைத்ததைக் குழாயில் விட்டு, மேலே அளந்து பெராக்சைடு ஊற்ற வேண்டும். நொதி பெராக்சைடை உடைக்கும், காற்று வெளிவரும், நுரை எழும். நுரையின் உயரத்தை அளவுகோலில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கிணற்றுப் பாசி ஒரு விரல் உயரத்துக்கு நுரைத்தது. ஏரிப் பாசிக்கு ஊற்றினேன். நுரை பொங்கிக் குழாயின் வாய் வரைக்கும் வந்து வழிந்தது. இரண்டாவது போத்தலும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

கொதிக்கவைத்துக் கொன்ற பாசியையும் ஒரு தடவை சோதிக்க வேண்டும். செத்த பாசியில் நொதி வேலை செய்யாது, நுரைக்கக்கூடாது. நுரைத்தால் வேறு ஏதோ கோளாறு என்று அர்த்தம். அதையும் நான் செய்யவில்லை. ஏரிப் பாசி கொஞ்சம் வெளிறியிருந்ததைப் பார்த்தேன், வெயிலில் காய்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷம் வந்தால் மனுஷிக்குக் கண் அவிந்துவிடும் போலிருக்கிறது. நேராகப் பேராசிரியருக்கு போன் போட்டேன். அவர் மூன்று தடவை "சபாஷ்" என்றார். "உங்கள் பெயர் இரண்டாவதாக வரும்" என்றார்.

மாலையில் லட்சுமம்மா மல்பெரி இலையை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். நுரை என்றால் என்ன, பாசி எப்படித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, என் பெயர் எங்கே வரப்போகிறது, எல்லாம். அவர் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெயிலு பட்டாதான் நொர வருங்களா மேடம்? வேற எதுக்கும் வராதுங்களா?"

"எந்தக் கஷ்டத்துக்கும் வரும். உப்பு ஏறினா வரும், பூச்சிமருந்து பட்டா வரும், பிளீச்சிங் பட்டாக்கூட வரும்" என்றேன் பெருமையாக.

அவர் கை நின்றது. பிறகு மறுபடி ஆய ஆரம்பித்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் பல் துலக்கிக்கொண்டே வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். கொட்டகையின் வலை ஜன்னலுக்கு உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் புழுவுக்குத் தழை போட்டபடி பேசிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கில். இவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு, என்னோடு மட்டும் தமிழ். என் அம்மா தெலுங்குக்காரி என்பதை நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அவர்கள் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

"நான்தானே அந்த பாட்டில பிளீச்சிங் தண்ணில முக்கி வெச்சேன். நல்ல தண்ணில அலசக்கூட இல்ல. நம்ம தட்டு கழுவற மாதிரியே கழுவிட்டேன்" என்றார் லட்சுமம்மா.

"நல்லதுக்குத்தான செஞ்ச. ஏரிச் சேறு, என்ன நோய் இருக்குமோ. புழு வூட்டு வாசல்ல வெச்சா யாரு விடுவா?"

"அது சரி. அவங்களுக்கு நொரை வந்தது வெயிலுக்கு இல்ல. என் பிளீச்சிங்குக்கு."

"வெயிலுக்கும் வந்திருக்கும். நீ என்ன கண்ட? அந்தம்மா சந்தோஷமா இருக்காங்க. நாளைக்குக் கிளம்பறாங்க. வாய மூடிட்டு இரு."

நான் வாயில் நுரையோடு நின்றேன். இப்போது எழுதப்போவதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. 'கடவுளே, இவள் புருஷன் பேச்சைக் கேட்கட்டும்' என்றுதான் நினைத்தேன். லட்சுமம்மா சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாவிட்டால் நுரை நுரைதான், என் பெயர் இரண்டாவது பெயர்தான். அங்கிருந்து அப்படியே திரும்பிப்போய், காதில் விழாதவளாக இருந்துவிட முடியும் என்று தோன்றியது.

உள்ளே இன்னொரு கட்டுத் தழை விழுந்தது. பிறகு லட்சுமம்மா சொன்னார்: "நம்ம புழுவுக்கு யாராவது தெரியாம எதையோ செஞ்சிட்டு, சொல்லாமப் போயிட்டா நான் அவங்கள சபிக்க மாட்டேனா?"

கதவு திறந்தது. மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, கை துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது. திட்டினாலும் பரவால்லைங்க."

முழுவதையும் தமிழில் ஒரு தடவை சொன்னார். ஏற்கெனவே தெரிந்திருந்தும் எனக்குக் கோபம் குபீரென்று வந்தது. அவர் சொல்லிவிட்டாரே, இனி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாதே என்கிற கோபம் அது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! என் சாமானை நீங்க ஏன் தொட்டீங்க? இதுக்காக நான் எவ்வளவு வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?" என்று கத்தினேன். "தப்புதாங்க" என்றார். உள்ளிருந்து நாராயணப்பா வரவில்லை.

மீதியிருந்த ஒரு சிவப்பு மூடிப் போத்தலை எடுத்தேன். இன்னும் பாசி படாத போத்தல் அது. குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் குழாயில் விட்டு, மேலே பெராக்சைடு ஊற்றினேன். பாசியே இல்லாத தண்ணீர் புஸ்ஸென்று பொங்கியது. பிளீச்சிங்கும் பெராக்சைடும் தாமாகவே மோதிப் பொங்கியிருக்கின்றன. பாசி பயந்து நொதியைக் கூட்டியதோ இல்லையோ, நான் அளந்தது அதை அல்ல. மூக்கருகே வைத்து மோந்தேன். லேசான வாசனை இருந்தது. வீடே அந்த வாசனையாக இருக்கும்போது போத்தலில் எப்படித் தெரியும்? மூன்று தடவை அலசியிருந்தால் போயிருக்கும். கொதிக்கவைத்த பாசியைச் சோதித்திருந்தால் மாட்டியிருக்கும். இரண்டையும் செய்யாதது லட்சுமம்மா இல்லை, நான். அவர் செய்தது அவருடைய வேலைமுறை. நான் செய்யாதது என்னுடையது.

கோபம் வந்த வேகத்தில் இறங்கியது. தலையை நிமிர்த்தி, தெலுங்கில் சொன்னேன்: "தப்பு என்னோடது. நீங்க பேசினது எல்லாம் ஜன்னல்லயே கேட்டுட்டேன்."

லட்சுமம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கொட்டகைக்குள் எதுவோ கீழே விழுந்தது, தழைக்கூடையாக இருக்கும். நாராயணப்பா மெதுவாக வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "மலேசியாவுல தெலுங்கு இருக்குதுங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அந்த மனிதர் அன்று முழுக்க என் முன்னால் தெலுங்கு பேசவே இல்லை.

சிரித்து முடித்துப் பார்த்தால் மேற்கே கருத்துக்கொண்டிருந்தது. பஞ்சப்பள்ளிப் பக்கம் மேகம் ஏறினால் மதியத்துக்குள் இங்கே வந்துவிடும் என்றார் நாராயணப்பா. எனக்கு உச்சி வெயில் வேண்டும், சூடான ஏரி வேண்டும். அவர்களுக்கோ மழைக்கு முன்னால் தழை வேண்டும். ஈரத்தழை தின்றால் புழுவுக்கு நோய் வரும், ஆகவே இரண்டு நாளுக்கான தழையை அறுத்து உள்ளே போட்டாக வேண்டும். இருக்கிற கை ஆறு, வேலை இரண்டு, நேரம் ஒன்று.

லட்சுமம்மா யோசிக்கவே இல்லை. "மொதல்ல பாட்டில்" என்றார். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்தார். எல்லாப் போத்தலையும் அதில் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றிலும் பெராக்சைடு விட்டுப் பொங்கவில்லை என்று நான் பார்த்த பிறகு, மறுபடி அலசினோம். அப்புறம் மூன்று பேரும் தோட்டத்துக்கு ஓடினோம். நானும் அரிவாள் பிடித்தேன். அறுக்கத் தெரியவில்லை, கட்டுக் கட்டினேன், சுமந்தேன். ஈப்போவில் என் வீட்டில் ஒரு ரோஜாச்செடியைக்கூட நான் வெட்டியதில்லை. அரைமணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து மேற்கே பார்த்தேன். எங்கள் ஊரில் மழை வந்தால் குடை தேடுவோம், அவ்வளவுதான். இங்கே அன்று மழையை நான் ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஏரிக்கு ஓடினோம். லட்சுமம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார். "எத்தன தடவ அலசணும்?" என்றார். "மூணு." ஒவ்வொரு போத்தலையும் ஏரித் தண்ணீரில் மூன்று தடவை, சத்தமாக எண்ணிக்கொண்டே அலசி என்னிடம் நீட்டினார். நான் பாசியை எடுத்து அடைத்தேன். கடைசிப் போத்தலை மூடும்போது காற்றடித்தது. கிணற்றில் இறங்கி ஏறுவதற்குள் முதல் சொட்டு விழுந்தது. பெட்டியை நாராயணப்பா பிளாஸ்டிக் விரிப்புக்குள் வைத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார். கடைசித் தழைக்கட்டு நனைந்துவிட்டது. அதை மாட்டுக்குப் போட்டார்கள். அந்தக் கட்டைக் கொண்டுவந்திருக்க வேண்டிய கையில்தான் என் போத்தல்கள் இருந்தன. யாரும் அதைச் சொல்லவில்லை.

வெளியே மழை கொட்ட, உள்ளே அரைத்தேன். லட்சுமம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அளவுகோலைப் பிடித்துக்கொண்டார். கொதிக்கவைத்த பாசியை முதலில் சோதித்தேன். நுரைக்கவில்லை. நல்லது. கிணற்றுப் பாசி, ஒரு விரல். இனி ஏரிப் பாசி. ஊற்றினேன். நுரை எழுந்தது, ஏறியது, ஒரு விரலைத் தாண்டியது, நின்றுவிட்டது. ஒரு நகத்தளவு கூடுதல். அடுத்த போத்தலும் அப்படியே. எல்லாவற்றையும் சோதித்து முடித்தோம். ஏரிப் பாசி கூடுதலாகத்தான் நுரைக்கிறது, ஆனால் அதே நகத்தளவு. வருடா வருடம் அந்த வெந்நீரில் கிடந்து பழகிய பாசியோ என்னவோ, எங்கள் பேராசிரியர் நினைத்த அளவுக்கு அது அலட்டிக்கொள்ளவில்லை.

பேராசிரியருக்கு போன் செய்தேன். நேற்றுச் சொன்னது தவறு என்றேன். எப்படித் தவறு, யாருடைய கவனக்குறைவு, எல்லாம் சொன்னேன். இரண்டு எண்களையும் மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு, "நகத்தளவு வித்தியாசத்தை வைத்துக் கட்டுரை எழுத முடியாது. இன்னொரு கோடை பார்க்க வேண்டும். மறுபடி அனுமதி கிடைக்குமோ என்னவோ" என்றார். என் பெயரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியில், "அந்த அம்மா சொல்லாமல் இருந்திருந்தால் நான் பொய்யை அச்சில் ஏற்றியிருப்பேன். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்" என்றார். இதற்காகவே அந்த மனிதரிடம் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. நன்றியை அப்படியே தெலுங்கில் சொன்னேன். "இதுக்கெல்லாமா நன்றி சொல்வாங்க?" என்று லட்சுமம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று களியோடு முட்டைக் குழம்பு.

நான்காம் நாள் காலை வெயில் கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஏரியில் ஓரமெல்லாம் செந்தண்ணீர், பாசி கண்ணில் படவில்லை. புழுக்கள் நன்றாக இருந்தன. வாசலில் மூன்றடி தள்ளி நின்று பார்க்க நாராயணப்பா அனுமதித்தார். லட்சுமம்மா என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். அவர் கையில் எனக்கென்று ஒரு பை ராகி மாவு. பஸ் வர நேரமாயிற்று. இருவரும் தெலுங்கில் ஏதேதோ பேசினோம், பெண்களைப் பற்றி, மருமகன்களைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி. 'மேடம்' போய் எப்போது 'அக்கா' ஆனேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, உங்க பேரு வராமப் போச்சே. என்னாலதான" என்றார்.

இல்லை என்று சொன்னேன். அது போதாது என்று பட்டது. இந்தப் பெண் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நான் ஒன்றை மறைத்துக்கொண்டு பஸ் ஏறினால் ஈப்போ வரைக்கும் அது உறுத்தும். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"லட்சுமம்மா, நேத்து ஜன்னல் கிட்ட நின்னப்ப, நீங்க என்கிட்ட சொல்லிடக்கூடாதுன்னுதான் நான் வேண்டிக்கிட்டேன். உங்க வீட்டுக்காரர் பேச்ச நீங்க கேட்கணும்னு நெனச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. ராகி மாவுப் பையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கி என் கையில் கொடுத்தார்.

"நானுந்தான் அக்கா" என்றார். "அவரு இன்னும் ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தா, கேட்டிருப்பேன்."